புகாரே வராத ஹீட்டர்

"போனைக் காதுலேர்ந்து எடுத்து ஹீட்டர் வயித்துல வைங்க சார். வயித்துல. ஆங், அப்படியே வச்சுக்கிட்டு நில்லுங்க. பேசாதீங்க."

மறுமுனையில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் இடுப்புத் துண்டோடு ஸ்டூல் மேல் ஏறி நின்று சொன்னபடி செய்கிறார். இந்த முனையில் நம் அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். பேனா காதில் செருகியிருக்கிறது. பதினைந்து விநாடி ஆனதும் கண் திறக்கிறது. "உப்பு. உள்ள இருக்கிற கம்பி பூரா உப்பு. எண்ணெயில ஏதோ பொரியற மாதிரி கேக்குதா இல்லையா? வியாழக்கிழமை ஆள் வரும். அதுவரைக்கும் சுவிட்சைப் போடாதீங்க." ஆள் போய்ப் பிரித்துப் பார்த்தால் உப்புதான் இருக்கும்.

ஹீட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில், ஜன்னலோர நாற்காலியில், பதினாலு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. அலுவலகத்தில் எல்லோரும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கேலிக்காக வைத்த பெயர். இப்போது மேனேஜரே அப்படித்தான் அழைக்கிறார். கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காமல், நீள நோட்டில் தன் கையாலேயும் எழுதிக்கொள்வார். தலையில் சோப்பு நுரையோடு பேசுகிறவர்களை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பேசறவங்க குரல் தனி. முதல்ல தலையைக் கழுவிட்டு வாங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்பார். இப்படிச் சொல்லும்போது அந்தக் குரலில் உண்மையான பரிவு இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

தொழில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், உட்காரச் சொல்வதற்கு முன் நேராகக் குளியலறைக்குப் போய் ஹீட்டரை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவார். வெளியே வரும்போது முகம் சரியில்லை என்றால் அந்த வீட்டுக்காரர்களுக்குக் காப்பி தொண்டையில் இறங்காது. உலகத்தில் உள்ள ஹீட்டர்களை எல்லாம் அவர் நோயை வைத்துத்தான் அறிவார். பதினைந்து லிட்டர் வெள்ளை மாடலுக்கு அவர் வைத்த பெயர் மூட்டுவலிக்காரி, இணைப்பு இணைப்பாகக் கசியும். சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னது கோபக்காரன், திறந்ததும் கொதிக்கும், அடுத்த நிமிஷம் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். உருண்டையாக ஒன்று உண்டு. அது சோம்பேறி.

ஆக, இப்படிப்பட்டவர் வீட்டு ஹீட்டர் ஒருநாள் செத்துப்போனது.

செத்ததில் அதன் குற்றம் ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது. அதை ஓடவிட்டால் கூடத்து ட்யூப்லைட் மங்கும், ஃபிரிட்ஜ் பெருமூச்சு விடும், வெளியே மீட்டரின் சிவப்பு விளக்கு ஓயாமல் கண்ணடிக்கும். டாக்டரம்மாவின் கணவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபது வருஷம் மாணவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் பயம் வந்தால் வலது கால் தரையை அழுத்தும். ஹீட்டர் போனதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். "இந்தத் தடவை கரண்டு தின்னாததா ஒண்ணு வாங்கிடு. லைட்டு மங்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது" என்றார்.

சாதாரண வீடாக இருந்தால் அன்று மாலையே கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். இங்கே நடக்குமா? டாக்டரம்மா ஏழு கடை ஏறி இறங்கினார். கடைப்பையன்கள் அவர் வருவதைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போக ஆரம்பித்தார்கள். "மேடம், இது செம மூவிங் மாடல்" என்று ஒருவர் சொல்லப்போக, "மூவ் ஆகுது மூவ் ஆகுதுன்னா அத்தனை பேரும் எனக்கு போன் பண்றாங்கன்னு அர்த்தம்" என்று பதில் வந்தது. ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்த ஒன்றைக் காட்டினால், "இதுல மூணு நட்சத்திரம் ரெண்டாவது வருஷமே உதிர்ந்துடும்" என்றார்.

சூரிய ஒளியில் ஓடுவது? மொட்டை மாடி மேல்வீட்டுக்காரருடையது. துணி காயப்போடவே அவர் காரணம் கேட்பார். காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் விடுகிற ஒரு மெஷின் வந்திருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் குறைவாகக் கரண்டு குடிப்பது. டாக்டரம்மாவுக்கே அதன் மேல் ஒரு கண். ஆனால் அது ஒரு பீரோ அளவுக்குப் பெரிசு. அளந்து பார்த்ததில், நடையில் அது நிற்கலாம் அல்லது கணவர் நிற்கலாம், இரண்டு பேரும் நிற்க முடியாது என்று தெரிந்தது. டாக்டரம்மா கொஞ்ச நேரம் யோசித்ததுதான் கணவருக்கு வருத்தம்.

இத்தனை ஆராய்ச்சிக்கு நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது. நாலு மாதக் குழந்தையோடு அடுத்த மாதம் வருகிறாள். மூன்று வாரம் தங்குவாள். டாக்டரம்மா பேத்தியைச் செல்போன் திரையில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் பாதி நேரம் நெற்றி மட்டும் தெரியும். மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஹீட்டர் வேலை செய்யணும்மா. அடுப்புல கொதிக்க வச்சு அப்பா குண்டானைத் தூக்கிட்டு நடக்கற வேலையே வேண்டாம். இல்லேன்னா சொல்லிடு, நான் அத்தை வீட்ல தங்கிக்கறேன்."

அடுப்பு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுடைய ஆறு வயதில், அப்பா கொதிநீர்க் குண்டானோடு கால் இடறி விழுந்ததன் தழும்பு அவள் முழங்கையில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு ஹீட்டரே வந்தது. ஆனால் 'அத்தை வீடு' என்றாளே, அதுதான் டாக்டரம்மாவைக் குத்தியது. அத்தை என்றால் மகளின் மாமியார், சம்பந்தி அம்மாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அங்கே எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் வரும், சமையலறையிலும்கூட. சம்பந்தி அம்மாள் அதைச் சொல்லிக் காட்டுகிற ஆள் கிடையாது. வந்தவர்களை, "கை கழுவிக்குங்க, கை கழுவிக்குங்க" என்று உபசரிப்பார், அவ்வளவுதான். ஊருக்கு வந்ததும் பேத்தியின் முதல் குளியல் அந்த வீட்டில் நடந்தால் டாக்டரம்மா உயிரோடு இருப்பார், ஆனால் நன்றாக இருக்க மாட்டார்.

வழி மதிய உணவு இடைவேளையில் பிறந்தது. டாக்டரம்மா பதினாலு வருஷத்து நோட்டுகளையும் மேஜை மேல் அடுக்கி, எந்த மாடலுக்கு எத்தனை புகார் என்று கோடு போட ஆரம்பித்தார். நான்கு நாள் கோடு போட்டார். அடுத்த சீட்டுப் பெண் தன் டிபனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதாயிற்று. ஐந்தாவது நாள் ஒரு மாடலின் பெயருக்கு நேரே தாள் வெள்ளையாக இருந்தது. சொந்தக் கம்பெனியின் சரக்கு. சிக்கன மாடல், ஐந்து நட்சத்திரம், உடம்பைச் சுற்றி மூன்று விரல் கனத்துக்கு மெத்தை, போட்ட சூடு வெளியே போகாது. மூன்று வருஷமாகக் கடைகளில் இருக்கிறது. ஒரு புகார் கிடையாது.

"ஒண்ணுகூட இல்லைங்க! ஒரே ஒரு போன்கூட வரலை!" வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

கணவர் சந்தேகப் பிராணி. "யாரும் வாங்கலையோ என்னவோ?"

"நான் கேக்காம இருப்பேனா? விற்பனைப் பிரிவுல விசாரிச்சுட்டேன். நல்லாவே விக்குதாம். வாங்கினவங்க எல்லாம் நிம்மதியா குளிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்படி ஒரு மெஷின் உலகத்துல உண்டா?"

"இருக்கே!" என்றார் டாக்டரம்மா. இத்தனை வருஷம் நோயாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஆரோக்கியமான ஒரு ஜீவனைக் கண்ட பரவசம். கணவரின் வலது கால் மெல்லத் தரையை அழுத்தியது. அதை டாக்டரம்மா கவனிக்கவில்லை.

கடைக்காரர், "இந்த மாடலா மேடம்? இதேதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிடரியைச் சொறிந்துகொண்டார். "பக்கத்துல இன்னொண்ணு இருக்கு, அதையும் ஒரு பார்வை..." என்று இழுத்தார். "நான் யாருன்னு தெரியும்ல?" என்றார் டாக்டரம்மா. தெரியும் என்பதால்தான் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

மாட்டியாயிற்று. சோதித்துப் பார்த்தார்கள், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது. கணவர் கூடத்தில் ட்யூப்லைட்டுக்குக் கீழே அண்ணாந்து நின்று, "மங்கலை! துளிகூட மங்கலை!" என்று கத்தினார். டாக்டரம்மா குழாயை மூடி, அதன் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார். மகள் வர இன்னும் நாலு நாள் இருந்தது.

"முதல் குளியல் குழந்தைக்குத்தான். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"அப்ப நான்?"

"நீங்க இத்தனை நாள் எதுல குளிச்சீங்க?"

பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். குளிர்காலம் வேறு. காலையில் அவர் முதல் சொம்பை ஊற்றிக்கொள்ளும் சத்தம் மேல்வீட்டுக்காரருக்குக் கடிகாரமாக உதவியது. சுவிட்ச் மட்டும் நாலு நாளும் போட்டபடியே இருந்தது. "அது பாட்டுக்குச் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். கரண்டே தின்னாது" என்று டாக்டரம்மா உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

மகள் வந்தாள். குழந்தை வந்தது. நெற்றி மட்டுமல்ல, மூக்கு, வாய், கன்னம், தொடையில் மூன்று மடிப்பு, எல்லாம் இருந்தது. டாக்டரம்மா கையில் வாங்கினார். வாங்கிய அரை மணியில் குழந்தை குடித்த பாலை எல்லாம் தன் மேலும் பாட்டி மேலும் கக்கியது. "குளிப்பாட்டிடலாம்!" என்றார், லாட்டரி விழுந்தவர் குரலில். அன்று அதற்கென்றே லீவு போட்டிருந்தார். துணிக்கட்டை அவிழ்த்தார். வாளியை வைத்தார். குழாயைத் திறந்தார்.

வெதுவெதுப்பாக ஒரு சொம்பு வந்தது. பிறகு தண்ணீர் சில்லென்று கொட்டியது.

சுவிட்சை அணைத்துப் போட்டார். ஃபியூஸைப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி ஹீட்டரில் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. முணுமுணுக்கிற நோயாளி, கொதிக்கிற நோயாளி, பொரிகிற நோயாளி எல்லாரையும் அவருக்குத் தெரியும். வாயே திறக்காத நோயாளியை என்ன செய்வது? கீழே ஒரு பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. எந்த ஹீட்டருக்கும் வைத்தியம் தெரிந்தவருக்கு இந்த ஒரு மாடலுக்குத் தெரியவில்லை. இதைப் பற்றி யாரும் அவரிடம் புகார் சொன்னதில்லையே, எப்படித் தெரியும்?

"அடுப்புல கொஞ்சம்..." என்று ஆரம்பித்த கணவர், மகள் தன் முழங்கையைத் தடவுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"பரவால்லம்மா," என்றாள் மகள். குழந்தை சிணுங்க ஆரம்பித்திருந்தது. "ரெண்டு தெருதானே? அத்தை வீட்ல குளிப்பாட்டிக்கறேன். பெட்டியையும் எடுத்துட்டே போயிடறேன், தினம் தினம் நடக்க முடியாது பாரு. நீ ஒண்ணும் நினைச்சுக்காத."

நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? மூன்று வாரம் கைவிட்டுப் போவது கண்முன் தெரிந்தது. டாக்டரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "பத்து நிமிஷம் குடு. பத்தே நிமிஷம்" என்று கேட்டுவிட்டு, ஸ்டூல் மேல் நின்றபடியே போனை எடுத்தார். ஹீட்டர் மேல் புகார் எண் அச்சடித்து ஒட்டியிருந்தது. பதினாலு வருஷம் அந்த எண்ணின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், ஒருநாள்கூட அதை அழுத்தியதில்லை. எடுக்கப்போவது அடுத்த சீட்டுப் பெண். அவளுக்கு அடையாளம் தெரிந்தால் நாளைக்கு ஆபீஸே சிரிக்கும். எனவே துண்டின் நுனியை வாயில் வைத்து மூடிக்கொண்டு, ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

எடுத்தது ஓர் ஆண் குரல். பின்னால் கடகடவென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"வெந்நீரா மேடம்? பச்சை லைட்டு கண்ணடிக்குதா, சிவப்பு லைட்டு முறைக்குதா?"

"ப... பச்சை" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"எத்தனை நாளா யாரும் குளிக்கலை?"

"தினமும் குளிக்கிறோங்க!" துண்டு கீழே விழுந்தது. "அதுல குளிக்கலை. நாலு நாளா."

"அதான். ஒண்ணும் ஆகலை, பதறாதீங்க. அது சிக்கன மாடல் பாருங்க, மூணு நாள் யாரும் குழாயைத் திறக்கலைன்னா வீட்ல ஆளே இல்லைன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கிடும். கரண்டை மிச்சம் பண்ணுதாம். அடியில ஒரு குமிழ் இருக்கா? அதை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு பத்து எண்ணுங்க. வாய்விட்டு எண்ணுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று டாக்டரம்மா எண்ணினார். மகள் குழந்தையோடு வாசலில் நின்று பார்த்தாள். "...எட்டு, ஒம்போது, பத்து."

"எட்டுலயே விட்டுட்டீங்க. அவசரத்துல எல்லாரும் அப்படித்தான் விடறாங்க. மறுபடி, மெதுவா."

உண்மைதான், எட்டில் கை வழுக்கிவிட்டது. போனிலேயே அதைப் பிடித்துவிட்ட ஆளை அவருக்கு உடனே பிடித்துப்போனது. இரண்டாம் தடவை பத்து முடிந்ததும் பச்சை விளக்கு நின்று எரிந்தது. ஹீட்டர் உள்ளுக்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்கியது. "பாருங்க, முழிச்சுக்கிச்சு," என்றார் அந்த மனிதர். "லைன்லயே இருங்க, தண்ணி சுட்டப்புறம் வைக்கலாம். என் கை பாட்டுக்கு வேலை பார்க்கும்."

பத்து நிமிஷத்தில் குழாயிலிருந்து ஆவி எழுந்தது. மகள் பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக்கிக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். முதல் சொம்பை டாக்டரம்மாவே ஊற்றினார். குழந்தை ஒரு விநாடி திகைத்து, பிறகு கையையும் காலையும் உதைத்துச் சிரித்தது. மகள், "சூடு அப்படியே இருக்கும்மா, அருமையா இருக்கு" என்றாள். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. கணவர் ஓசைப்படாமல் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா ஈரக் கையோடு போனை எடுத்தார். கடகடச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், நீங்க எந்த செக்‌ஷன்? நானும் இதே ஆபீஸ்தான். உங்க குரலைக் கேட்டதே இல்லையே?"

"செக்‌ஷனா? நான் டெய்லர் மேடம். தையல் கடை."

டாக்டரம்மா ஹீட்டர் மேல் ஒட்டியிருந்த எண்ணை இன்னொரு தடவை படித்தார். கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

"இந்த மாடல் ஹீட்டர் எல்லாத்துலயும் என் நம்பரைப் போட்டு ஒட்டிட்டாங்க போலிருக்கு," என்றார் தையற்காரர், குறைப்பட்டுக்கொள்ளாமல். "மூணு வருஷமாச்சு. குளிர்காலத்துல ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு போன் வரும். முதல்ல திட்டி வச்சுடுவேன். அப்புறம் பாவம், நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்களேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன். பச்சைன்னா நானே பார்த்துடுவேன். சிவப்புன்னா மட்டும் வாங்கின கடையில போய்ச் சத்தம் போடுங்கன்னு சொல்லிடுவேன்."

கடைக்காரர் ஏன் பிடரியைச் சொறிந்தார் என்று இப்போது விளங்கியது. அந்த வெள்ளைத் தாளும், நான்கு நாள் போட்ட கோடும், 'நிம்மதியா குளிச்சுக்கிட்டு இருக்காங்க' என்று தான் அடித்த பீற்றலும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, டாக்டரம்மாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்து மாத்திடறேன் சார். இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

மறுமுனையில் மெஷின் நின்றது.

"மாத்தித்தான் ஆகணுமா மேடம்?" குரல் தயங்கியது. "இல்லை, தண்ணி வந்த சந்தோஷத்துல ஒருத்தர், நீங்க என்ன தொழில்னு கேட்டார். மறுநாள் ஜன்னல் திரைக்குத் துணி எடுத்துக்கிட்டு வந்தார். அப்புறம் இன்னொருத்தர். இந்தத் தெருவுக்குள்ள யாரு மேடம் எங்கிட்ட வருவாங்க? இப்ப கடையில கிடக்கறதுல பாதி வெந்நீர்த் துணிதான்."

பதினாலு வருஷத்தில் காதில் விழுந்த ஒரு புகாரையும் டாக்டரம்மா எழுதாமல் விட்டதில்லை. இதுதான் முதல். மகள் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து பாட்டியின் மடியில் போட்டாள். ஒரு ஹீட்டரிலும் அவர் கண்டிராத இதமான சூடு. போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, குழந்தையின் கழுத்தில் கட்டை விரலை ஊன்றி, சுண்டு விரலை அதன் முதுகோடு எட்டிய மட்டும் விரித்தார்.

"ஒரு சட்டை தைக்கணும். எழுதிக்குங்க. கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் ரெண்டு சாண், நாலு விரல்... இருங்க, இருங்க, நெளியறா. மறுபடி அளக்கறேன்."